‘நெவர்’ முன்னால் வந்தால்: இருபது ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

நண்பர் ஒருவர் நேற்று கேட்டார்: “ஆங்கிலத்தில் ‘நெவர் ஐ ஹேவ் சீன்’ என்று எழுதினேன், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த விதியை அவசியம் பழகிக்கொள்ளத்தான் வேண்டுமா?” இருபது ஆண்டுகளாக இதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன் நான். ஆனாலும் பதில் ஒரு வரியில் அடங்கவில்லை.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிர்மறைச் சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்தால், துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிடும்: ‘நெவர் ஹேவ் ஐ சீன்’. துணைவினை இல்லையென்றால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றில் ஒன்றைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். ‘செல்டம்’, ‘ஹார்ட்லி’, ‘லிட்டில்’ எல்லாம் இதே பந்திதான். எதிர்மறையே இல்லாததுபோல் நிற்கும் ‘ஒன்லி தென்’னுக்கும் இங்கேதான் இலை.

தொடக்கத்தில் ‘டிட் ஹி வென்ட்’ என்று இறந்தகாலத்தை இரண்டு முறை செலவழித்தேன். ஒன்று நடந்த உடனே இன்னொன்று என்று சொல்ல ‘நோ ஸூனர்’ போட்டுவிட்டுப் பின்னால் ‘வென்’ வைத்தேன். ‘ஸூனர்’ ஒப்பீட்டுச் சொல், அதனால் அதற்குத் துணை ‘தேன்’தான், ‘வென்’ என்பது ‘ஹார்ட்லி’க்கு உரியது என்று காரணம் தெரிந்த பிறகு அந்தப் பிழை திரும்ப வரவில்லை. தமிழில் இதையே ‘வந்ததும் வராததுமாக’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உடன்பாடும் எதிர்மறையும் ஒரே தொடருக்குள் அடக்கம், எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. சரி, அந்த ஒப்பீடு ஆங்கிலத்துக்கு நியாயமில்லை.

என் தீராத எரிச்சல் வேறு. இந்த விதியோடு இலவசமாகக் கைக்கு வரும் பட்டியல் அது. இந்தச் சொற்கள் முன்னால் வந்தால் திருப்பு, அவ்வளவுதான் என்பார்கள். நானும் மனப்பாடம் செய்தேன். பிறகு ஒரு வேலையறிக்கையில், கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு, ‘இன் நோ டைம் டிட் வி ஃபினிஷ் தி வொர்க்’ என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டார். “எந்தக் காலத்திலும் முடிக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்?” என்றார். அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

‘ஒருபோதும் இல்லை’ என்ற பொருளில் வரும் ‘அட் நோ டைம்’ திருப்பும்; ‘இன் நோ டைம்’ திருப்பாது. ‘நோ டவுட்’ திருப்பாது. ‘நாட் லாங் அகோ’ திருப்பாது. இவற்றில் ஒன்றைக்கூட என் பட்டியல் சொல்லவில்லை. ‘நாட் அன்டில்’ இன்னும் மோசம்: அதை ஒட்டி வரும் துணைவாக்கியம் அசையாமல் கிடக்கும், தலைமை வாக்கியத்தில்தான் திருப்பம். ‘நாட் அன்டில் தி ரெயின் ஸ்டாப்ட் டிட் வி லீவ்’, அதாவது மழை நின்ற பிறகுதான் கிளம்பினோம். பத்துச் சொல் நீளமான துணைவாக்கியம் இடையில் வந்துவிட்டால், திருப்ப வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் மறந்துபோகிறது. இன்றும் எனக்கு மறந்துபோகிறது.

ஆனால் அந்த அவமானத்தில்தான் விதியின் உள்ளே இருப்பது தெரிந்தது. திருப்பம் சொல்லைப் பார்த்து வருவதில்லை. எதிர்மறைப் பொருள் வாக்கியம் முழுவதையும் மூடுகிறதா என்று பார்த்து வருகிறது. ‘இன் நோ டைம்’ என்பதில் ‘நோ’ தன் பக்கத்துச் சொல்லை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது. வேலை முடிந்தது முடிந்ததுதான். இன்னொன்று பாருங்கள். ‘வித் நோ ஹெல்ப், ஹி குட் ஃபினிஷ் இட்’ என்றால், உதவியே இல்லாமலும் அவனால் முடியும். ‘வித் நோ ஹெல்ப் குட் ஹி ஃபினிஷ் இட்’ என்றால், எந்த உதவி கிடைத்தாலும் அவனால் முடியாது. ஒரு காற்புள்ளியை எடுத்து இரண்டு சொற்களை இடம் மாற்றினால் கெட்டிக்காரன் கையாலாகாதவன் ஆகிவிடுகிறான். இதைக் கண்ட நாள் முழுக்க ஒருவித மகிழ்ச்சியிலேயே இருந்தேன்.

பழைய ஆங்கிலத்தில் எந்தச் சொல் முன்னால் வந்தாலும் வினை பெரும்பாலும் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். ஜெர்மன் மொழி இன்றும் அப்படித்தான்: ‘இன்று போகிறேன் நான்’ என்பதே அதன் வரிசை. ஆங்கிலம் அந்தப் பழக்கத்தை எங்கெங்கோ கைவிட்டுவிட்டு எதிர்மறை போன்ற சில இடங்களில் மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்மறை வாக்கியம் ஏன் கேள்வியின் உருவத்தில் நிற்க வேண்டும் என்று நெடுநாள் முணுமுணுத்திருக்கிறேன். ‘அவன் வீட்டு வாசலை மிதிப்பேனா!’ என்று நாம் சொல்வதும் கேள்வி உருவத்தில் ஓர் எதிர்மறைதானே என்று ஒருநாள் உறைத்தது. அதற்குப் பிறகு முணுமுணுப்பு குறைந்தது.

இவ்வளவு பாராட்டிவிட்டு நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வேண்டாம். ‘ஐ ஹேவ் நெவர் சீன்’ என்று எழுதுங்கள். பொருள் அதேதான், யாரும் சிவப்பு மை தேடமாட்டார்கள். திருப்பிப் போட்ட வாக்கியத்துக்கு ஒரு மேடைக்குரல் உண்டு; விடுப்பு விண்ணப்பத்தில் அது பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுபோல் இருக்கும். படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். தேர்வு எழுதுகிறவராக இருந்தால் மட்டும் வேறு வழியில்லை.

கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான். இன்று காலை அனுப்பிய ஓர் அறிக்கையில் ‘நாட் அன்டில்’ மறுபடியும் என்னை ஏமாற்றியிருக்கிறது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.