முகத்துவாரத்தில் வாங்கிய படகு திருகோணமலைக்கு: எந்த ஸ்கிப்பர், என்ன கூலி?

கொழும்பு முகத்துவாரத்தில் வாங்கிய பலநாள் மீன்பிடிப் படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோக ஒரு ஸ்கிப்பர் (படகை ஓட்டும் தலைவர்) வேண்டும். வரைபடத்தில் மன்னார்ப் பக்கமாகப் போகலாம் என்று தோன்றும். ஆனால் இராமர் அணைத் திட்டுகளில் ஆழம் போதாது. காலி, தெவுந்தரமுனை, அம்பாந்தோட்டை என்று தெற்கால் சுற்றவேண்டும்: ஏறத்தாழ 300 கடல் மைல். 7 நொட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் இரண்டு நாள் பிடிக்கும். (இருபதடி பிளாஸ்டிக் படகென்றால் எஞ்சினைக் கழற்றி லொறியில் ஏற்றுங்கள், ஸ்கிப்பர் கூலி வீண்.)

விற்றவரின் பழைய ஸ்கிப்பரா, திருகோணமலை ஆளா? பழையவருக்கு எஞ்சினின் சத்தமே பாஷை. ஆனால் பழகிப்போன கோளாறை அவர் கோளாறென்று சொல்லமாட்டார். மேற்குக் கரையிலேயே தொழில் செய்தவராயின் கிரிந்தைக்கு வெளியே கிடக்கும் பெரிய, சிறிய பாஸஸ் பாறைகளை இரவில் கடந்திருக்கமாட்டார். கிழக்கு ஆளுக்கு அந்தக் கடல் தெரியும், படகு தெரியாது. எங்கள் கணக்கில் கிழக்கு ஆள்தான் மேல். பழையவரைக் காலி வரைக்கும் கூட அனுப்புங்கள்.

காலி வரையான பத்து மணி நேரம்தான் உண்மையான பரீட்சை. கரையில் கட்டிக் கிடந்த படகின் டாங்கியில் அடியில் தங்கிய கசடு, அலையில் குலுங்கியதும் கிளம்பி டீசல் ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் இழுக்காமல் நின்றுவிடும். புறப்படுமுன் டாங்கியின் அடிநீரை வடிக்கவேண்டும். நான்கைந்து ஃபில்டர், பம்ப் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் உள்ளே சுழலும் சக்கரம்), பெல்ட் கையிருப்பில் இருக்கட்டும். ஃபில்டர் மாற்றியபின் எயார் எடுக்க (டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற) தெரிந்த ஒருவராவது படகில் வேண்டும். காலியில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, கறுத்திருந்தால் மாற்றாமல் நகரவேண்டாம். சுழலித் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் பெக்கிங்கையும் தொட்டுப் பாருங்கள்: சொட்டுச் சொட்டாகக் கசிவது சரி, கை பொறுக்காத சூடு சரியல்ல.

கூலியில்தான் பலர் தவறுகிறார்கள். ஒட்டுமொத்தமாகப் பேசினால் செலவு முன்கூட்டியே தெரியும், ஆனால் காற்று எழும்பினாலும் ஸ்கிப்பர் ஓடத்தான் பார்ப்பார். தங்கும் நாள் அவர் கையிலிருந்து போகிறது. நாட்கூலிக்காரர் நிதானமாக வருவார், சிலவேளை தேவைக்கு மேலும். பேச்சு இப்படி இருக்கட்டும்: ஓட்டத்துக்கு ஒரு தொகை, காலநிலையால் துறைமுகத்தில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனியாக ஒரு படிப்பணம். புறப்படும் முடிவு ஸ்கிப்பருடையது, சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஃபோனில் அவசரப்படுத்தக்கூடாது.

மாதமும் கூலியைப் பாதிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை கிழக்கு. மார்ச், ஏப்ரலில் தங்குநாள் குறையும்.

பதிவை உங்கள் பெயருக்கு மாற்றி, காப்புறுதிக்காரருக்கு ஸ்கிப்பரின் பெயரையும் வழியையும் எழுத்தில் கொடுத்தபின்தான் கயிறை அவிழ்க்கவேண்டும். முகத்துவாரத்திலும் திருகோணமலையிலும் டாங்கியில் கோல் விட்டு டீசலை அளந்து, எஞ்சின் ஓடிய மணிக் கணக்கோடு எழுதி நீங்களும் ஸ்கிப்பரும் கையெழுத்திடுங்கள். டீசல் எங்கே போனது என்ற சண்டை வராது.