நான்கு ஆண்டுத் தராசும் அதன் 'மி.லி.' பொத்தானும்

சென்ற வாரம் தோழி ஒருத்தி, என்னிடம் உள்ள டிஜிட்டல் சமையலறைத் தராசைத் தானும் வாங்கலாமா என்று கேட்டாள். செல் வைக்கும் இடத்தில் பச்சை பூத்துப்போன தகட்டைச் சுரண்டித் துடைக்கக் கடைக்காரருக்கு 60 ரூபாய் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். அதனால் பதில் உடனே வாயில் வரவில்லை.

வீட்டிலிருந்தபடியே சிறு அளவில் கேக்கும் இனிப்பும் செய்து கொடுக்கிறவள் நான். 'கப்' என்ற சொல்லை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சமன்று. அமெரிக்கச் செய்முறைகளில் அது சுமார் 240 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 250; ஜப்பானில் 200; ரைஸ் குக்கரோடு வரும் கப்போ 180தான். என் மாமியாரின் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி நிறுத்தபோது 212 கிராம் காட்டியது. இத்தனைக்கும் மேலாக, சலித்து மெதுவாக நிரப்பிய ஒரு கப் மைதா 120 கிராம் என்றால், டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளியது 150 வரை போகிறது. ஒரு கேக்கில் இது தெரியாது. நான்கு மடங்காகப் பெருக்கும்போது ஒரு கப் மாவே கூடிவிடும். இந்தத் தலைவலியைத் தராசு முற்றிலும் தீர்த்துவைத்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

இதில் குறை ஒன்றும் உண்டு. சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் எண் அசைவதே இல்லை. மெல்ல ஏறும் எடையைத் தன் உணரியின் (சென்சாரின்) தடுமாற்றம் என்று கருதி, தராசு மீண்டும் மீண்டும் பூச்சியத்துக்கே திரும்பிவிடுகிறது. சோடா டப்பாவையே தட்டில் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டுக் கரண்டியால் அள்ளினால், எடுத்த அளவு கழித்தல் குறியோடு தெரியும் என்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். வெல்லப்பாகு, தேன் போன்ற ஒட்டும் பொருள்களுக்கும் இதே வழிதான். கழுவ வேண்டிய பாத்திரத்தில் ஒன்று குறையும். ஆனால் செய்முறையைக் கால் பங்காகக் குறைக்கும்போது வரும் ஒரு கிராம், அரை கிராம் கணக்குக்கு இது உதவாது. அங்கே பழைய அளவுக் கரண்டியே கதி.

என்னால் மன்னிக்க முடியாதது 'மி.லி.' பொத்தான். அதை அழுத்தினால் தராசு எந்த அளவையும் மாற்றிக் கணக்கிடுவதில்லை. கிராம் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் 'மி.லி.' என்று மட்டும் எழுதிக் காட்டுகிறது. தண்ணீருக்கு இது சரி. எண்ணெயோ 100 மி.லி.க்கு ஏறக்குறைய 92 கிராம்தான் நிற்கும். தேன் 140 கிராமுக்கு மேல். அரைக் கப் எண்ணெய் கேட்கும் கேக்கை நான்கு மடங்காகச் செய்த நாளில், திரையில் 480 மி.லி. வரும்வரை ஊற்றினேன், உண்மையில் விழுந்தது 520ஐத் தாண்டிவிட்டது. மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் கூடுதலாகப் போய், கேக் அடியில் பிசுபிசுத்தது. ஆர்டர் கொடுத்தவரிடம் பணம் வாங்க மனம் வரவில்லை. கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போதாக்குறைக்கு அந்தப் பொத்தான், பூச்சியமாக்கும் பொத்தானுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. ஈர விரல் சற்று நழுவினால் கிராம் மி.லி.யாகிவிடும், இன்னொரு முறை நழுவினால் அவுன்ஸ். இப்போது அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எடையில் மட்டும் இந்த நான்கு ஆண்டுகளில் அது ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை இன்று வைத்தாலும், உறையின் எடையையும் சேர்த்து 1004 என்றே காட்டுகிறது. இவ்வளவையும் தோழியிடம் சொல்லிவிட்டு, முடிவில் "வாங்காதே" என்றேன். "பிறகு எதற்கு 60 ரூபாய் செலவழித்தாய்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை; மறுநாள் கொடுக்க வேண்டிய மூன்று கிலோ மைசூர்பாகுக்குக் கடலை மாவை அந்தத் தராசில்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன்.