கேஷா, டிசிஎம்மா?

எஸ்டிஎம்32எச்743 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில், கட்டளைகளைச் செயல்படுத்தும் கார்டெக்ஸ்-எம்7 கோர் 480 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். புரோகிராம் தங்கியிருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு அந்த ஓட்டம் வராது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஃபிளாஷ் வரை போய் வந்தால் கோர் சும்மா காத்துக் கிடக்கும். அதற்கு உள்ளேயே இரண்டு வழி உண்டு: கட்டளைக்கும் டேட்டாவுக்கும் தலா 16 கேபி கேஷ், அதாவது அண்மையில் படித்ததன் நகலை வைத்திருக்கும் வேகமான சின்ன மெமரி. இல்லையென்றால் கோரோடு நேராக ஒட்டிய டிசிஎம் (டைட்லி கப்பிள்டு மெமரி): கட்டளைக்கு 64 கேபி, டேட்டாவுக்கு 128 கேபி.

கேஷை இயக்கிவிட்டால் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். டிசிஎம் அஞ்சறைப்பெட்டி மாதிரி; எந்தக் கிண்ணத்தில் எது என்று லிங்கர் ஸ்கிரிப்ட்டில் நாமே சொல்ல வேண்டும்.

மின்செலவில்தான் விஷயமே. கேஷில் ஒவ்வொரு தடவையும் 'கேட்டது உள்ளே இருக்கிறதா' என்று டேக்குகளை (முகவரி அடையாளங்களை) ஒப்பிட வேண்டும். இந்த டேட்டா கேஷ் 4-வே என்பதால் நான்கு இடத்தில் தேடல். டிசிஎம்மில் தேடலே இல்லை. 1996-இல் வந்த ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-110 சிப்பின் மொத்த மின்செலவில் கட்டளை கேஷ் மட்டுமே 27%. 2002-இல் டெல்லி ஐஐடியும் டார்ட்மண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வில், கேஷுக்குப் பதில் டிசிஎம் போன்ற மெமரி வைத்தபோது ஆற்றல் சராசரியாக 40% குறைந்தது. ஆனால் திரை, நெட்வொர்க் என்று புரோகிராம் கோடு பல நூறு கேபிக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கு உதவாது. அங்கே கேஷ்தான், யோசிக்கவே வேண்டாம்.

கேஷிடம் நான் அடிவாங்கியது டிஎம்ஏவில் (கோரின் உதவி இல்லாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி). ஆஸிலோஸ்கோப்பில் அலை அழகாக ஆடுகிறது. அந்த டேட்டா வந்து சேரும் பஃபரில் அதே பழைய எண்கள். இரண்டு நாள் வயரைக் குறை சொன்னேன். டிஎம்ஏ புது மதிப்பை ரேமில் எழுத, கோர் கேஷில் இருந்த பழையதையே படித்துக்கொண்டிருந்தது. படிக்கும் முன் இன்வேலிடேட் செய்தால் (கேஷில் உள்ள நகலைச் செல்லாததாக்கினால்) சரியாகும், ஆனால் கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் கேஷ் லைன் 32 பைட். பஃபர் 32-இன் மடங்கில் தொடங்கி முடியாவிட்டால் பக்கத்து வேரியபிளும் சேர்ந்து போகும். டிசிஎம்முக்கு மாற்றலாம் என்றால் இந்த சிப்பில் டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டுக்கும் அங்கே வழியில்லை! கடைசியில் எம்பியுவில் (மெமரிப் பகுதிகளுக்கு விதி வைக்கும் யூனிட்) அந்தப் பஃபர் பகுதியை மட்டும் கேஷ் தொடாதபடி ஒதுக்கினேன்.

மோட்டார் கன்ட்ரோல் இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு உடனே ஓட வேண்டிய ஃபங்ஷன்) என்றால் எனக்கு டிசிஎம்தான். கேஷில் ஒரு தடவை கிடைக்கும், மறுதடவை தவறும், நேரம் ஆடும். இதில் பலர் செய்யும் தவறு ஒன்று: இன்டரப்ட் ஃபங்ஷனை மட்டும் டிசிஎம்முக்கு நகர்த்திவிட்டு, அது கூப்பிடும் சைன் ஃபங்ஷனை ஃபிளாஷிலேயே விட்டுவிடுவார்கள். லிங்கர் தரும் மேப் ஃபைலைத் திறந்து அந்த ஃபங்ஷனின் முகவரியைப் பாருங்கள்: 0x08 என்று தொடங்கினால் அது இன்னும் ஃபிளாஷில்தான் இருக்கிறது.