பழைய 45 சுற்று இசைத்தட்டு வைத்திருக்கும் டர்பன் குடும்பங்களே, 'கலைஞர்களைத் தேடித் தருகிறேன்' என்று வருபவரிடம் உஷார்

டர்பனிலோ பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளூர்த் தமிழ்ப் பாட்டு இசைத்தட்டு ஏதாவது கிடந்தால் இதைப் படித்துவிடுங்கள். பழைய ரிக்கார்டு வாங்கி விற்கும் ஒருவர், 'இசை ஆய்வாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு, "இதில் பாடியது யார், வாசித்தது யார் என்று கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று வீடு வீடாக வருகிறார். எங்கள் வீட்டில் 6,300 ரேண்ட் கறந்தார். பணம் போனால் போகிறது என்று விடலாம். அசல் தட்டையும் எடுத்துக்கொண்டு போலி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதுதான் பொறுக்கவில்லை.

தட்டு என் மாமனாருடையது. ஏழு அங்குலம். ஒரு பக்கம் முருகன் பாட்டு, மறுபக்கம் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் பாட்டு. இரண்டுமே சினிமா மெட்டு இல்லை. இங்கேயே எழுதி, இங்கேயே பாடியவை. லேபிளில் பாடியவரின் முதலெழுத்துகள், குடும்பப் பெயர், கூட வாத்தியக் குழு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த முருகன் பாட்டில் வரும் கிளாரினெட்டைக் கேட்க வேண்டும். நாகஸ்வரம் பழகிய மூச்சு என்று முதல் கமகத்திலேயே தெரிந்துவிடும். வாசித்தது யார் என்று மாமனாருக்குத் தெரியாது. "கண்டுபிடிச்சுச் சொல்லும்மா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த ஆள் வந்தார். மாமனாரை 'தாத்தா, தாத்தா' என்று அழைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, தட்டைக் கையில் வாங்கியவுடன் கண் கலங்கினார். நல்ல நடிப்பு. 3,500 ரேண்ட் முன்பணம். லேபிளையும், பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் பூதக்கண்ணாடியில் பார்க்க அசல் தட்டு வேண்டும் என்றார். அந்த எண் முக்கியம் என்பது உண்மைதான். அச்சு எடுத்த தகட்டின் எண் அது. அதே கம்பெனியின் மற்றத் தட்டுகளோடு வரிசைப்படுத்தினால் ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்குத் தட்டு ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும்? சாய்வாக டார்ச் அடித்து செல்போனில் படம் எடுத்தால் எண் பளிச்சென்று விழுகிறது.

அப்புறம் ஓர் அறிக்கை வந்தது. வழுவழுத் தாளில் ஸ்பைரல் போட்டு, பார்க்க அழகாக இருந்தது. உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். தட்டு 1958இல் ரேடியோ லோட்டஸ் ஸ்டுடியோவில் பதிவானதாம். ரேடியோ லோட்டஸ் தொடங்கியதே 1983இல். பாட்டு அதே 1958இல் சாம்ரோவில் பதிவு செய்யப்பட்டதாம். இசையமைப்பாளர்களுக்கு உரிமைத்தொகை வாங்கித் தரும் அந்தச் சங்கம் பிறந்தது 1961இல். பாடகர் அப்போது சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்தாராம். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி நம் சனங்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது அறுபதுகளில்தான். உறையின் மேல் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் இருக்கிறது, 75 சென்ட் என்று. இந்த நாட்டில் ரேண்டும் சென்டும் வந்ததே 1961 பிப்ரவரியில்; அதற்கு முன்னால் பவுண்டு, ஷில்லிங். ஆய்வாளர் அந்தச் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை.

கிளாரினெட் வாசித்தவர் 'திரு. பிள்ளை' என்று ஒரு புகைப்படத்தோடு போட்டிருந்தார். முதலெழுத்து இல்லை, ஊர் இல்லை. டர்பனில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பிள்ளை மேலோ நாயுடு மேலோதான் விழும்.

இதைப் பற்றிக் கேட்குமுன்பே அடுத்த வசூல். பாட்டின் காப்புரிமையை எங்கள் குடும்பத்தின் பெயரில் 'பதிவு' செய்து சான்றிதழ் தருவதாகச் சொல்லி 2,800 ரேண்டை மாமனாரிடமிருந்து நேரடியாக வாங்கிவிட்டார். முத்திரை, சிவப்பு ரிப்பன் எல்லாம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பாட்டுக்குக் காப்புரிமைப் பதிவு என்று ஒன்றே கிடையாது; பதிவுமுறை சினிமாப் படங்களுக்கு மட்டும்தான். ஒருவர் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால், கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட எழுத்து வேண்டும். பாட்டை எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. வாங்கிவைத்த ரசிகருக்கு அதில் என்ன பங்கு?

தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாட்டிக்கொடுத்தது மாமியார் போட்ட கீறல். எப்போதோ ஊசி கை நழுவி, கல்யாணப் பாட்டின் குறுக்கே ஓரத்திலிருந்து லேபிள் வரை இழுத்துவிட்டது. நிமிஷத்துக்கு 45 சுற்று, சுற்றுக்கு ஒரு 'டக்'. அந்த 'டக்' இல்லாமல் அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திரும்பி வந்த தட்டிலும் 'டக் டக்' கேட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் கீறலையே காணோம்! காதுக்குக் கேட்கிற கீறல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதாவது எங்கள் தட்டை ஓடவிட்டு, அந்த ஒலியைக் கீறலோடு சேர்த்து வேறொரு வெற்றுத் தட்டில் வெட்டியிருக்கிறார். ஒவ்வொன்றாகத் தட்டு வெட்டித் தரும் இயந்திரங்கள் இப்போது இருக்கின்றன. பிறகு லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன், ஸ்டிக்கராக உரிந்து வந்தது. தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டில் லேபிளுக்குப் பசையே கிடையாது. சூடான வினைலோடு சேர்த்து அழுத்துவதால் அது தட்டோடு ஒன்றிப்போய்விடும். வெற்று வளையத்திலும் எந்த எண்ணும் இல்லை.

போன் செய்தால் எடுப்பதில்லை. கார்டில் முகவரியும் இல்லை, செல் நம்பர் மட்டும். இதைக் கவனியுங்கள். சிறு உரிமை கோரல் நீதிமன்றத்தில் 20,000 ரேண்ட் வரை வழக்குப் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வர முடியாது. ஆனால் முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு எதிராளியின் முகவரி தேவை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவருக்குப் பக்கத்தில் கடை போடுகிறவரிடமிருந்து முகவரி கிடைத்தது. கடிதம் போயிருக்கிறது. தட்டை மாற்றியதற்குப் போலீஸில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

கிளாரினெட் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டை முன்பே செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். மெர்பேங்க்கில் தெருக்கூத்து ஆடிய ஒரு பெரியவரிடம் போட்டுக் காட்டினோம். பல்லவி முடிவதற்குள் ஆளைச் சொல்லிவிட்டார். வாசித்தவரின் பேரன் டொங்காட்டில் இருக்கிறார், தாத்தா கிளாரினெட்டோடு நிற்கும் படமும் அவரிடம் இருக்கிறது. காசு பணம் எதுவும் கேட்கவில்லை, டீ கொடுத்தார்கள். அறிக்கையில் இருந்த 'திரு. பிள்ளை' படத்தைக் கூத்துப் பெரியவரிடம் நீட்டினேன். "இவர் பஸ் முதலாளிம்மா, இவருக்கு விசில்கூட அடிக்க வராது" என்று சிரித்தார்.

பாடகரைப் பற்றி இன்னும் முழுசாகத் தெரியவில்லை. அடுத்து வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குப் போவதாக இருக்கிறோம். கோயில் விழா மலர்கள், அந்தக் காலத்து லீடர், கிராஃபிக் வார இதழ்கள் யார் வீட்டிலாவது இருந்தாலும் சொல்லுங்கள், வந்து படம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அசல் தட்டு எப்படியும் விற்பனைக்கு வரும். அடையாளம்: கல்யாணப் பாட்டுப் பக்கத்தில் ஓரத்திலிருந்து லேபிள் வரை ஒரே நேர்க்கீறல், முருகன் பாட்டு லேபிளில் பச்சை மையில் மாமனார் தமிழில் எழுதிய 'வீ'. டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ இணையத்திலோ கண்ணில் பட்டால், வாங்குவதற்கு முன் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.