கொலுசுக்கு ரோடியம் பாலிஷ் தேவையா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் இப்போது இரண்டு வகைக் கொலுசுகள் அருகருகே தொங்குகின்றன: வெறும் வெள்ளி, ரோடியம் பாலிஷ் (ரோடியம் என்னும் வெண்ணிற உலோகத்தின் மெல்லிய பூச்சு) போட்ட வெள்ளி. தினமும் காலில் கிடக்கும் கொலுசுக்கு வெறும் வெள்ளிதான் என்பது என் உறுதியான கருத்து.

ரோடியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. பிளாட்டினத் தாதுவிலிருந்து வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் பிரித்தெடுத்து 1804இல் அறிவித்த அருமையான உலோகம் அது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பிளாட்டினத்தோடு சேர்ந்தே கிடைக்கிறது. அதில் மிகுதியும் கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் கருவிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் விலையும் அதிகம். ஆனால் நகையின் மேல் ஏறுவது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான பூச்சு. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது.

காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கருக்கும். ரோடியத்தைக் கந்தகம் ஒன்றும் செய்யாது. ஆனால் பாலிஷ் போட்ட கொலுசுக்கு எதிரி உராய்வு. ஒரு வளையம் அடுத்ததோடு இணையும் இடத்தையும் சலங்கையின் அடிப்பகுதியையும் உற்றுப் பாருங்கள்: பூச்சு முதலில் தேய்வது அங்கேதான். உள்ளிருந்த வெள்ளி எட்டிப் பார்த்துக் கருக்க, கொலுசு திட்டுத்திட்டாகிவிடும். வெறும் வெள்ளியைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்தாலோ, திருநீறு தொட்டுத் துடைத்தாலோ பழைய நிறம் வந்துவிடும். ரோடியத்தை அப்படித் தேய்த்தால் இருக்கும் பூச்சும் போகும். கண்ணி அறுந்து பற்றவைத்தால் அந்த இடம் மங்கி, மறுபடி பாலிஷ் கூலி கொடுக்க வேண்டும். பழைய வெள்ளியாகப் போடும்போது அந்தப் பூச்சுக்கு யாரும் காசு தருவதில்லை.

கல் பதித்த கம்மலுக்கும் பதக்கத்துக்கும் ரோடியமே மேல். உராய்வு குறைவு, கல்லிடுக்கில் கருப்பு ஏறினால் எடுப்பதும் கடினம்.

வெள்ளைத் தங்க மோதிரத்தில் கதை வேறு. பல்லேடியமோ நிக்கலோ கலந்தும் தங்கத்தின் மஞ்சள் சாயல் முழுதாக மறைவதில்லை. அதை மறைக்கவே ரோடியம். தினசரி அணிந்தால் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பூச வேண்டிவரும். பிளாட்டினம் கீறல் விழுந்தாலும் நிறம் மாறாது. மோதிரத்துக்கு அதுவே நல்லது.

நிக்கலால் தோல் அரிக்கும் உடம்பென்றால், பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கும் ரோடியத்துக்கும் நடுவே அதைப் பூசும் வழக்கம் உண்டு.