அக்வா, ஃபிட், விட்ஸ்: கோணேசர் ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்த கதை

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் என் மச்சான் பொங்கல் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தான். "அத்தான், ஓட்டோவ வித்திட்டன். ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் கார் பாத்துத் தாங்கோ. அல்டோ மாதிரி வேண்டாம். கொஞ்சம் தரமா, கதவைச் சாத்தினா சத்தம் நல்லா இருக்கோணும்."

அந்தக் 'கொஞ்சம் தரமா' என்ற சொல்லுக்குள் இந்த ஊரில் நாலைந்து கார்கள்தான் அடங்கும். டொயோட்டா அக்வா, ஹொண்டா ஃபிட், டொயோட்டா விட்ஸ், சுசூகி ஸ்விஃப்ட், ஆசைப்பட்டால் ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ. நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிதாக இறங்கும் கார் எங்கள் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே 2013க்கும் 2018க்கும் இடையில் ஜப்பானில் செய்த கார்களே இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

நான் ஆறு வருடமாக அக்வா ஓடுகிறேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சரிக்கட்டத்தான் ஃபிட், விட்ஸ், ஸ்விஃப்ட் வைத்திருக்கும் ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டோம். கேட்டதோடு விடாமல், இணங்கியவர்களின் காரைக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் ஏற்றியும் பார்த்தோம். கோட்டை வாசலில் மான்களுக்காக நின்று, திரும்ப அரைவேகத்தில் எடுத்து, வளைவில் எதிரே வரும் வானுக்கு ஒதுங்கி மேலே போய்ச் சேரும்போது ஒரு கியர்பெட்டியின் குணம் முக்கால்வாசி தெரிந்துவிடும். நிலாவெளி வீதியில் நேராக ஓட்டினால் எல்லாக் காரும் நல்ல கார்தான்.

முதலில் அக்வா. 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, 1500 சிசி எஞ்சினோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட். இதில் கிளச் என்று தேய்கிற சாமானே இல்லை. எஞ்சினையும் மோட்டார்களையும் ஒரு பற்சக்கரத் தொகுதி பிணைத்து வைத்திருக்கிறது. ஏற்றத்தில் எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் அது சலித்துக்கொள்ளாது. எஞ்சின் மட்டும் கொஞ்சம் அலறும்.

எல்லாரும் கேட்பது பற்றரியைப் பற்றி. பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. நிக்கல் வகை, 20 மொடியூல் (சின்னச் சின்னப் பற்றரித் துண்டுகள்), மொத்தம் 144 வோல்ற். அதைக் குளிர வைக்கக் காருக்குள் இருக்கும் காற்றையே ஒரு சின்ன விசிறி பின்சீற்றடியில் உள்ள துளை வழியாக இழுக்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கார் வாங்கிய கிழமையே சீற்றுக்குக் கவர் தைத்து அந்தத் துளையையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் புத்தகப் பையை அதன்மேல் சாய்த்து வைக்கிறார்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியான வெயிலில் நின்ற கார் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். அந்தக் காற்றையும் பற்றரிக்குக் கொடுக்காமல் அடைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? அக்வா பார்க்கப் போனால் பொனற்றைத் திறப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து குனிந்து அந்தத் துளையைப் பாருங்கள். தூசும் நூலும் அடைந்திருந்தால் மற்றப் பராமரிப்பும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்புறம் கராஜில் ஸ்கேன் போட்டு மொடியூல்களுக்கிடையே வோல்ற்றேஜ் எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடாமல் நிற்கும்போது எடுத்த கணக்குப் போதாது, ஏற்றத்தில் ஏறும்போது எடுத்தது வேண்டும்.

மூதூருக்குப் படிப்பிக்கப் போய்வரும் ஒரு டீச்சரம்மா சொன்னது எனக்குப் பிடித்தது. "தம்பி, எனக்குக் காரைப் பற்றி ஒண்டும் தெரியாது. எண்ணெய்க்காசு தெரியும்." கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் வரை படகுப்பாதைக்கு வரிசையில் நின்று போனவர் அவர். இப்போது மாதம் கிட்டத்தட்ட 1,800 கிலோமீற்றர் ஓடுகிறார். லீற்றருக்கு 22 கிலோமீற்றர் கிடைக்கிறதாம், எனக்கும் அவ்வளவுதான். விட்ஸ் என்றால் 15 கணக்கு வைக்கலாம். அவருடைய ஓட்டத்துக்கு மாதம் 38 லீற்றர் மிச்சம். லீற்றரை 300 ரூபாய் என்று பிடித்தால் 11,400 ரூபாய், வருடத்துக்கு 1,36,800. பற்றரி மாற்ற மூன்று லட்சம் போகும் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டேகால் வருடத்தில் அது திரும்பிவிடும்.

அதே கணக்கை என் மச்சானுக்குப் போட்டால் கதை மாறுகிறது. அவன் ஓட்டம் உப்புவெளி, ரவுண், எப்போதாவது கன்னியா. மாதம் 600 கிலோமீற்றர் தாண்டாது. மிச்சம் 13 லீற்றர், 3,900 ரூபாய். பற்றரிக் காசு திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். ஹைபிரிட் எடுத்தால் எல்லாருக்கும் லாபம் என்று சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பதில்லை. ஆனால் 2022 நினைவிருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக் கியூஆர் கோட் வந்த புதிதில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அக்வாக்காரருக்கு அது 440 கிலோமீற்றர், விட்ஸ்காரருக்கு 300. அந்த வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு தூங்கியவர்கள் இன்றும் ஹைபிரிட்டைத்தான் கேட்கிறார்கள். காசுக் கணக்கைச் சொல்லி அவர்களை மாற்ற முடியாது.

அக்வாவின் குறையையும் சொல்ல வேண்டும். பின்சீற் இடுக்கு. உயரமான ஆள் ஏறினால் தலை கூரையில் முட்டும். கார் தாழ்வு, தரையிலிருந்து 14 சென்ரிமீற்றர்தான். மாரி மழைக்குக் குழி விழுந்த ஒழுங்கைகளில் வயிறு உரசும். பிரேக்கை அழுத்தம் கொடுத்து இயக்கும் தொகுதி பழுதானால் செலவு பெரிது, ஆகவே பிரேக்கை மிதித்துவிட்டு மோட்டர் அடிக்கடி 'விர்ர்' என்று ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

விட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்குப் பெருமை. 1000 சிசிக்குக் கீழே வரி குறைவு என்பதால் அந்தக் காலத்தில் 996 சிசி மூன்று சிலிண்டர் விட்ஸ் கப்பல் கப்பலாக வந்தது. 2017 ஜனவரியில் முகத்தை மாற்றிய பிறகு வந்ததற்குத்தான் இன்னும் கிராக்கி. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்கும். எஞ்சின் தானாக ஓய்ந்தால் ஏசியின் குளிரும் ஓய்ந்து வெறும் காற்று வரும். அந்த வசதியை நிறுத்தி வைப்பதற்குத் தனிச் சுவிட்ச் இருக்கிறது, எங்கள் ஊர் வெயிலுக்கு அது அவசியம். கோணேசர் ஏற்றத்தில் நாலு பேரும் ஏசியுமாகப் போனபோது மச்சான் ஏசியை நிறுத்தினான். உவர்மலையில் இருக்கும் ஒரு அக்கா ஐந்து வருடமாக வைத்திருக்கிறார். "ஒயில் மாத்துறன், டயர் மாத்தினன். வேற என்ன சொல்ல?" என்றார். விற்கப் போனாலும் காலையில் சொன்னால் பின்னேரம் ஆள் வந்து நிற்கும். அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். அதே காசுக்கு வசதி கூடிய காரைக் கண்ணால் பார்த்துவிட்டால் விட்ஸின் உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் கொஞ்சம் வெறுமையாகத் தெரியும்.

இனி ஃபிட். 2013 செப்டெம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஹைபிரிட், இங்கே எல்லாரும் மாடல் குறியீட்டால் ஜிபி5 என்பார்கள். ஓடிப் பார்த்த எல்லாவற்றிலும் மனம் பறிபோனது இதில்தான். பெற்றோல் தாங்கியை முன்சீற்றுக்குக் கீழே வைத்திருப்பதால் பின்பக்கம் முழுக்க இடம். பின்சீற்றின் இருக்கையை மேலே மடித்து நிமிர்த்தினால் ஒரு சைக்கிளையே நிறுத்தலாம். 1500 சிசி எஞ்சின், லிதியம் பற்றரி, ஏழு கியர். அக்வாவின் அலறல் இல்லை, முந்தும்போது பின்னால் இருந்து தள்ளுகிற மாதிரி போகும். லீற்றருக்கு 18 முதல் 20 வரை கிடைப்பதாக மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அந்த ஏழு கியர்தான் விவகாரமும். உள்ளே இரட்டைக் கிளச், அதுவும் எண்ணெயில் ஊறாத வரட்டுக் கிளச். அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ஊரும்போது அது சூடாகும். விடுமுறை நாளில் கோயில் ஏற்றத்தில் காருக்குப் பின் கார் ஒட்டி நிற்கும்போது நம்மவர்கள் பிரேக்கை விட்டு, அக்சிலேற்றரை லேசாக மிதித்துக் காரைப் பிடித்து வைப்பார்கள். வேறு காரில் அது பழக்கம், இதில் அது கொலை. முன்னால் இடைவெளி விட்டு நின்று, ஒரேயடியாக எடுக்க வேண்டும். சூடு கூடினால் மீற்றரில் எச்சரிக்கை வரும், ஆனால் ஜப்பான் எழுத்தில். வாங்கி ஒரு வருடம் அந்த எழுத்தை அழகாயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததாக ஒருவர் சிரித்தார். (என் காரிலும் தினமும் காலையில் ஒரு ஜப்பான் பெண் ஏதோ கார்டைப் போடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அவளுக்கு வயரைப் பிடுங்கிவிட எனக்கு மனமில்லை.)

வெளிவந்து ஒரு வருடம் சொச்சத்திலேயே, 2014 அக்டோபருக்குள், இந்த ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா ஐந்து தடவை திரும்ப அழைத்துத் திருத்தியது. ஆகவே 2013, 2014 கார் என்றால் அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று சாசி நம்பரைக் கொண்டு பார்க்க வேண்டும். 2015க்குப் பிந்தியது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஓடிப் பார்க்கும்போது குளிர்ந்த எஞ்சினோடு ஒரு முறை, அரைமணி நேரம் ஓடிய பின் ஒரு முறை, ரிவர்ஸில் மெதுவாக ஏற்றத்தில் ஏற்றுங்கள். உதறினாலோ 'டக்' என்று பிடித்தாலோ கையைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழே இருப்பதால் ஸ்பெயார் டயருக்கு இடமில்லை. பதிலாக ஒரு பசைப் போத்தலும் காற்றடிக்கும் சின்ன மெசினும் வைத்திருப்பார்கள். அதுவும் பத்து வருடம் பழைய பசை. கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு வழியில் இரவு ஒன்பது மணிக்கு டயர் கிழிந்தால், யானை வரும் பாதையில் அந்தப் போத்தலோடு நிற்க வேண்டும். பல அக்வாக்களிலும் இதே கதைதான்.

ஸ்விஃப்ட் ஓட்டுவதற்கு ஆசையான கார். இறுக்கமான சஸ்பென்ஷன், வளைவில் ஒட்டிக்கொண்டு போகும். டிக்கி இரண்டு பைக்கு மேல் கொள்ளாது. தனி ஆளுக்கு, புதிதாகக் கல்யாணம் கட்டியவர்களுக்குச் சரி. போலோவின் கதவுச் சத்தம் மச்சான் கேட்ட சத்தம்தான். ஆனால் அதன் ஏழு கியர் பெட்டியும் வரட்டுக் கிளச், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் பாஸைத் தேடி நாங்கள் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். 260 கிலோமீற்றர் கட்டி இழுக்கிற கூலியை நினைத்ததும் மச்சானே அந்தப் பேச்சை விட்டான்.

எந்தக் கார் ஆனாலும் இந்த ஊரில் முதல் எதிரி உப்பு. கடற்கரையோரம் வருடக்கணக்காக நின்ற கார் மேலே பளபளக்கும், கீழே பிரேக் குழாயும் சைலன்சர் கிளிப்பும் உதிரும். குழிக்கு மேல் ஏற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு வேலையும் கூடியிருக்கிறது: சீற் பெல்ற்றை முழுவதும் வெளியே இழுத்து அடி முனையில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பது. அக்வாவிலும் ஃபிட்டிலும் பற்றரி இருக்கும் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. அக்வாவுக்கு முந்திய காரை 48,000 கிலோமீற்றர் என்று நம்பி வாங்கினேன். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, டிரைவர் சீற் ஓரம் கிழிந்திருந்ததை 'முந்தின ஆள் கொஞ்சம் குண்டு' என்று விற்றவர் சொல்ல, நானும் தலையாட்டினேன். பிறகு ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையையும் ஓட்டத்தையும் எழுதி வைத்த ஏல அட்டையை எடுத்துப் பார்த்தால், கப்பலில் ஏறும்போதே 90,000ஐத் தாண்டியிருந்தது. அந்த அட்டையைச் சாசி நம்பர் கொடுத்து முதலிலேயே எடுத்திருக்கலாம். அதில் தரப் புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அது நீங்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், மூன்று கை மாறிய காரை, விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், விட்டுவிடுவது நல்லது.

என் கணக்குப்படி மச்சான் எடுக்க வேண்டியது விட்ஸ். 600 கிலோமீற்றர் ஓட்டம், பக்கத்தில் கராஜ், விற்றால் காசு. அவனுக்கும் அது விளங்கியது. ஆனால் கடைசி நாள் உவர்மலை அக்காவின் காருக்குப் பின்னால் நின்று டிக்கியைத் திறந்து அளந்தான். பஸ் நிலையத்திலிருந்து கூட்டி வரும் வெள்ளைக்காரரின் பெரிய பைகள் இரண்டு, மீன் பெட்டி, மரக்கறிச் சாக்கு, அலைப்பலகை. "அத்தான், நீங்க பெற்றோலக் கணக்குப் பாத்தியள். நான் ஏத்துறதைக் கணக்குப் பாக்கோணும்."

2016 ஃபிட் ஒன்று கண்டியில் ஒரே ஆளின் கையில் இருந்தது. கியர்பெட்டி எண்ணெய் மாற்றிய பில் எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கியிருந்தார்கள். ஏல அட்டையும் மீற்றரும் பொருந்தின. மலைநாட்டுக் கார், அடியில் துரு இல்லை. ரிவர்ஸில் ஏற்றத்தில் ஏற்றினோம், உதறவில்லை. எடுத்துக்கொண்டு தம்புள்ளை வழியாக வரும்போது ஒரு டயர்க் கடையைக் கண்டதும் மச்சான் காரை ஓரங்கட்டினான். ரிம்மோடு ஒரு ஸ்பெயார் டயர் வாங்கி, பின்சீற்றை நிமிர்த்தி, அந்த இடத்தில் நிறுத்திக் கயிற்றால் கட்டினான். ஹபரணை தாண்டும்போது மணி எட்டரை.