'ஹார்ட் பேரட்' வாங்கப் போகிறீர்களா? அது வால் வெட்டப்பட்ட மீன்

வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 'ஹார்ட் பேரட்', 'லவ் பேரட்' என்ற பெயரில் சிவப்பாக, உருண்டையாக, வாலே இல்லாமல் இதய வடிவில் ஒரு மீன் விற்கிறார்கள். பிறவியிலேயே அப்படி என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். அது பொய். சாதாரண பேரட் மீனைக் குஞ்சிலேயே பிடித்து, வாலை அடியோடு வெட்டி, பிழைத்துக் கிடப்பதை மட்டும் வளர்த்து விற்பனைக்கு அனுப்புகிறார்கள்.

என் மாமனார் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டில் மீன் தொட்டி உண்டு. மோலி, கௌராமி எல்லாம் வளர்த்தவர். பெரிய மீன் ஒரு ஜோடி வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. சென்னையில் ஓரளவு பெரிய கடை ஒன்றில் இந்த இரண்டு மீன்களையும் காட்டினார்கள். ஒன்றுக்கு வால் இல்லை, இன்னொன்றுக்கு வால் இருந்தது, ஆனால் முதுகு கொஞ்சம் மேடாகத் தெரிந்தது.

"இதுக்கு ஏன் தம்பி வால் இல்ல?" என்று கேட்டேன்.

"பிறவியே அப்படித்தான்க்கா. ஹார்ட் பேரட். வாஸ்துக்கு ரொம்ப நல்லது."

"இது ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?"

"அது ஷார்ட் பாடிக்கா. ரேர் பீஸ். ஜோடியா எடுத்துட்டீங்கன்னா ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குத் தர்றேன்."

தொட்டிக்கு மேலே ரோஸ் கலர் விளக்கு. அந்த வெளிச்சத்தில் எல்லா மீனும் தகதகவென்று சிவப்பாகத்தான் தெரியும். கவரில் போட்டு, ஆக்சிஜன் அடித்து, பேப்பர் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. 'மீன் 2' என்று எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப்.

வீட்டில் வெள்ளை வெளிச்சத்தில் விட்ட பிறகுதான் எல்லாம் தெரிந்தது. வால் இருக்க வேண்டிய இடம் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நேர்க்கோடாக இருந்தது. அந்தக் கோடு முழுக்க செதில் இல்லாமல், வெளிறிய தழும்பு. இயற்கையில் எந்த மீனின் உடம்பும் அப்படி நேர்க்கோட்டில் முடிவதில்லை. மற்ற மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு நடுவில் மேலெழும்பி மறுபடி கீழே இறங்கியது. மேலிருந்து பார்த்தால் உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வயிறு ஒட்டிப் போயிருந்தது.

பேரட் மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இது எந்த ஆற்றிலும் பிறந்த மீன் இல்லை. 1986 வாக்கில் தைவானில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கியது. அந்தக் கலப்பிலேயே குறைகள் வந்துவிட்டன. வாய் ஒரு சின்னப் பிளவுதான், முழுதாக மூடாது. அதனால் இரையைத் தொண்டையில் உள்ள பற்களால்தான் அரைத்துத் தின்னும். முதுகெலும்பும் காற்றுப்பையும் பல மீன்களுக்குச் சரியாக அமைவதில்லை, நீச்சலே ஒரு தள்ளாட்டம்தான். ஆண் மீன்கள் பெரும்பாலும் மலடு. ஏற்கெனவே நீந்தக் கஷ்டப்படுகிற இந்த மீனுக்குத்தான் வாலையும் வெட்டுகிறார்கள். மீனை முன்னே தள்ளுவதே வால்தான். துடுப்பின் ஓரம் மட்டும் கிழிந்தால் மறுபடி வளர்ந்துவிடும். அடி எலும்போடு போனால் வளரவே வளராது. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் இது. அத்தனை வருஷமும் பக்கத் துடுப்பை மட்டும் அடித்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில், "லைவ் மீனுக்கு கேரண்டி கிடையாதுக்கா" என்றார்கள். வெட்டிய தழும்பைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கு, "வேணும்னா கொண்டு வாங்க, வேற மாத்தித் தர்றோம்" என்று பதில் வந்தது. திருப்பிக் கொடுத்தால் அவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த வாடிக்கையாளரிடம் அதே கதையைச் சொல்லி விற்பார்கள், இல்லையென்றால் சாகவிடுவார்கள். அதனால் திருப்பிக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தோம். கூனல் விழுந்தது இரை எடுக்கவில்லை என்று மறுபடி போன் செய்தபோது இன்னொரு குரல் கொஞ்சமும் தயங்காமல் சொன்னது: "டாய்லெட்ல போட்டு ஃபிளஷ் பண்ணிடுங்க. பாவமா இருந்தா ஃப்ரீசர்ல வைங்க. இல்ல, பக்கத்துல ஏரி இருந்தா விட்டுடுங்க."

இந்த மூன்றையும் யாரும் செய்யாதீர்கள். ஃபிளஷ் செய்தால் மீன் உடனே சாகாது, குழாய்க்குள் கழிவுநீரில் திணறித்தான் சாகும். ஃப்ரீசரில் வைத்தால் மெல்ல மெல்லக் குளிரேறி, உயிரோடு உறையத் தொடங்கும். ஏரியில் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் தூக்கி வெளியே விட்ட சக்கர் மீன்கள் இன்று நம் ஏரி குளங்களில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. நோயுள்ள மீனை விட்டால் நோயும் சேர்ந்து போகும்.

மீன்களை வைத்துக்கொள்வதா, கொன்றுவிடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர், "கஷ்டப்படுத்தி வச்சிருக்கறதைவிட அனுப்பிடறதுதான் நல்லது" என்றார். மாமா, "வாயில்லா ஜீவன்மா. நாம கொண்டு வந்துட்டோம், அதும்பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு இரண்டும் நியாயமாகவே பட்டது. மீனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் கிடைப்பது சென்னையிலேயே குதிரைக்கொம்பு. தெரிந்தவர் மூலமாக மீன்வளம் படித்த ஒரு டாக்டரிடம் பேச முடிந்தது. அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது.

"உருவத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நாலு விஷயம் பாருங்க. தானா இரை எடுக்குதா, நிமிர்ந்து நிக்க முடியுதா, மூச்சு வாங்காம இருக்கா, உடம்புல புண் இருக்கா." ஊனம் வேறு, நோய் வேறு என்றார். வாலில்லாத மீன் வலி தீர்ந்து, பழகி, நன்றாகச் சாப்பிட்டால் அதைக் கொல்ல நமக்கு எந்தக் காரணமும் இல்லை. கூனலுக்குக் காரணம் பலவாக இருக்கலாம். பிறவிக் குறை, நெருங்கிய ரத்தத்திலேயே இனப்பெருக்கம், குஞ்சுப் பருவத்தில் தீவனத்தில் வைட்டமின் சி போதாமை, அடிபட்டது என்று எதுவும் இருக்கலாம். பிறந்ததிலிருந்து அதே வளைவாக இருந்தால் அது ஊனம். நாளுக்கு நாள் வளைவு கூடி, வயிறு ஒட்டி, புண்ணும் வந்தால் மீன்களுக்கு வரும் காசநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். உயிரோடு இருக்கும்போது அதை உறுதிசெய்வது கஷ்டம், இறந்த பின் உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

அந்தக் கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் மரினம். கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் தொட்டித் தண்ணீர் வழியாக மனிதர்களுக்கும் தொற்றும். கையில் கட்டி கட்டியாகப் புண் வரும், ஆற மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். மாமா அதுவரை தண்ணீர் மாற்ற ட்யூபை வாயால்தான் உறிஞ்சுவார். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். அன்றோடு அதை நிறுத்தினோம். கையுறை வாங்கினோம். கூனல் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அதற்கென்று தனி வலை, தனி ஸ்பாஞ்ச் வைத்தோம்.

வாலில்லாததை வைத்துக்கொண்டோம். ஃபில்டர் தண்ணீர் வேகமாக அடித்தால் இதனால் எதிர்த்து நிற்க முடியவில்லை, மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விழும் இடத்தில் ஸ்பாஞ்சைக் கட்டி வேகத்தைக் குறைத்தோம், மட்டத்தையும் இறக்கினோம். மேலே மிதக்கும் தீவனத்துக்குப் பதிலாக மெல்ல அமிழும் சின்ன உருண்டைகளைப் போட்டோம். கூரான கல்லையெல்லாம் எடுத்துவிட்டோம். அதை முந்திக்கொண்டு தின்கிற மீன் எதையும் கூட விடவில்லை. கொஞ்ச நாளில் அது பிழைக்கும் வழியைக் கண்டுகொண்டது. பக்கத் துடுப்பு இரண்டையும் படபடவென்று அடித்து, முழு உடம்பையும் இடமும் வலமும் ஆட்டியபடி வருகிறது. மாமா கண்ணாடியில் விரல் வைத்தால் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது.

கூனல் மீன் பிழைக்கவில்லை. உப்பு, வெதுவெதுப்பு, நனைத்த தீவனம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று. இரையை வாயில் வாங்கித் துப்பியது. அப்புறம் வாங்குவதையும் விட்டது. வளைவு கண்ணுக்குத் தெரிந்து கூடியது, பக்கவாட்டில் சிவந்த புண் ஒன்று வந்தது. தரையில் ஒருக்களித்துக் கிடந்து, மேலே வர உந்தி உந்தி மறுபடி விழுந்தது. மாமாவே, "போதும்மா, விட்டுடலாம்" என்றார்.

இந்த நிலைக்கு வருகிறவர்களுக்காக எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். தேவைப்பட்டது கிராம்பு எண்ணெய். பல்வலிக்கு வைப்பது, மருந்துக் கடையிலேயே சின்னப் பாட்டிலில் கிடைக்கும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. அதனால் சின்னப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்துப் பால்போல வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். மீனை அதன் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பாத்திரத்தில் விட்டு, இந்தக் கலவையை முதலில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மீன் மயங்கிச் சாயும். தொட்டாலும் அசையாது என்று உறுதியான பிறகுதான் மீதியை ஊற்ற வேண்டும். மொத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.4 மில்லி எண்ணெய் என்று டாக்டர் சொன்னார். செவுள் நின்றவுடன் எடுத்துவிடக் கூடாது, அதன் பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். குறைந்தது அரை மணி நேரம் அதிலேயே விட வேண்டும். எங்கள் மீன் துடிக்கவில்லை, துள்ளவில்லை. பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தத் தொட்டியின் வலை, ஸ்பாஞ்ச், மணல் எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் போட்டோம்.

இப்போது அந்தக் கடை விஷயம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதனைத் தவிர எல்லா உயிரும் விலங்குதான், மீனும் அதில் சேர்த்தி. விலங்கின் உறுப்பைச் சிதைப்பது 11-ஆவது பிரிவின்படி குற்றம். சிதைக்கப்பட்டு வலியில் இருக்கும் விலங்கை விற்பனைக்கு வைப்பதும் அதே பிரிவில் குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஜோடி ஆயிரத்து இருநூறுக்கு விற்கிறவர்கள் இதற்கு எப்படிப் பயப்படுவார்கள்? 2017-இல் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நுகர்வோர் சட்டம்தான் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, தழும்பின் போட்டோ, கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் பதில் எல்லாம் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்வரை பணம் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயும் போவதாக இருக்கிறேன்.

எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்று சொல்ல வரவில்லை. கொளத்தூரில் வீட்டு மாடியிலேயே மீன் வளர்த்து விற்கும் ஒருவரிடம் இந்தப் போட்டோவைக் காட்டினேன். பார்த்ததும், "இது வெட்டுனதுக்கா, இதை நாங்க தொடறதே இல்ல" என்றார். கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி 'கலர் கிளாஸ்' என்று விற்பதையும் அவர்தான் சொன்னார். சில மாதத்தில் அந்தச் சாயம் வெளுத்துவிடுமாம், அதற்குள் பாதி மீன் செத்துப் போகுமாம்.

அதனால் கடையில் ரோஸ் விளக்கை அணைக்கச் சொல்லி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் பார்க்காமல் மேலிருந்தும் பாருங்கள். உங்கள் கண் முன்னால் இரை போடச் சொல்லுங்கள். 'பிறவியே அப்படி' என்று சொன்னால், அதையும் மீனின் பெயரையும் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள். ஏற்கெனவே வால் வெட்டிய மீன் வாங்கி, பில்லும் வைத்திருக்கிறீர்கள் என்றால் நீங்களும் 1915-இல் புகார் பதியுங்கள்.